பழைய வேனின் ஏ.சி.யும் எங்கள் தலைவலியும்

போன மழைக்காலம். கம்பளையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு, சிறுநீரகச் சிகிச்சைக்காக என் கணவரை எங்கள் பழைய வேனில் வாராவாரம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். நான் ஆசிரியை. பள்ளிக்கூடம், சமையல், ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருப்பு என்று சுற்றியே ஓய்ந்துபோயிருந்தேன்.

வேனின் ஏ.சி.யும் ஓய்ந்துதான் இருந்தது. ஓடும்போது கொஞ்சம் குளிரும். நெரிசலில் நின்றால் அனல் ஊதும். கராஜில் கேஸ் நிரப்பினார்கள். சில நாளில் பழைய கதைதான். மழையில் கண்ணாடியைத் திறக்க முடியாது. மூடினால் ஆவி படிந்து பாதை தெரியாது. அதனால் ஏ.சி.யைப் போட்டபடியே ஓட்டுவேன். வீடு சேரும்போது இருவருக்கும் தலைவலி. அவருக்குச் சிகிச்சைக் களைப்பு, எனக்கு வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

அன்று பின்னேரம் திரும்பும் வழியில், பேராதனையில் வாகனங்கள் நகரவேயில்லை. பக்கத்தில் அவர் தூங்கிவிட்டார். கொஞ்சம் கண்ணை மூடலாமென்று ஸ்டியரிங்கில் தலை சாய்த்தேன். அடுத்து நினைவிருப்பது, யாரோ படபடவென்று கண்ணாடியைத் தட்டியதுதான்.

பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் குடைகூட இல்லாமல் இறங்கி வந்திருந்தார். வரிசை நகர்ந்தும், ஹோர்ன் அடித்தும் எங்கள் வேன் அசையவில்லையாம். அவரே கதவைத் திறந்தார்.

"அல்லாஹ்வே, என்ன பொக மணம் இது! எறங்குங்க தாத்தா, மொதல்ல வெளிய வாங்க!" எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க, வெறும் அசதிதான்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. என்னை இழுத்து இறக்கிவிட்டு, தன் கணவரோடு சேர்ந்து என் கணவரையும் தூக்கி வெளியே கொண்டுவந்தார். கூப்பிட்டும் என் கணவர் கண் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மழை முகத்தில் அடிக்க, இருமி, ஒருவழியாகக் கண் திறந்தவர், "ஏன் நனையிறோம்?" என்று கேட்டார். பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்களே எங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒட்சிசன் கொடுத்த பிறகுதான் தலை தெளிந்தது.

மறுநாள் கராஜில் பார்த்தபோது, நான் உட்காரும் சீற்றுக்கு அடியில் இருந்த எஞ்சினின் புகைக்குழாய் வெடித்திருந்தது. துருப்பிடித்த தளத்தின் ஓட்டைகள் வழியாகப் புகை உள்ளே வந்து, மூடிய வேனுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. குளிர் எங்கே போகிறது என்றே எல்லோரும் தேடியிருந்தோம். உள்ளே என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் ஊர் மடவளை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பெயர் கேட்கத் தோன்றவில்லை. சிகிச்சை தொடர்கிறது, என் களைப்பும் தீரவில்லை. ஆனால் யாராவது "வெறும் அசதிதான்" என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நகர்ந்துபோக இப்போது என்னால் முடிவதில்லை.