பாலில் கரைந்த நிறம்

லண்டனில், லூயிஷாம் சந்தைக்குப் பின்னால், காசு கொடுத்துத் தோலைக் கறுப்பாக்கிக்கொள்ளும் கடையொன்று இருக்கிறது. என் கணவரின் தம்பி சுதனை மணக்கவிருந்த வெள்ளைக்காரப் பெண் எமிலியோடு, திருமணத்துக்கு முதல்நாள் மதியம், என் கைக்குழந்தை மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். "கலியாணப் படத்தில் சுதனுக்குப் பக்கத்தில் பேய் மாதிரி நிற்க எனக்கு விருப்பமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். யாழ்ப்பாணத்தில் என் கலியாணத்தன்று அலங்கரிக்க வந்தவர் என் முகத்தை பவுடர் பூசி வெளுக்கவைத்தது நினைவுக்கு வந்தது. கழுத்து மட்டும்தான் என்னுடையதாக இருந்தது.

உடம்பில் நிறம் தெளிக்கும் 'ஸ்பிரே டான்' முடிந்து வெளியே வந்தவளில் பிஸ்கட் மணம். மகள் அவளை அடையாளம் தெரியாமல் வீரிட்டு அழுதாள். "நாளைக் காலைவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது" என்றாள் கடைக்காரி. சந்தையைத் தாண்டுவதற்குள் சுதனின் தாயான என் மாமியின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"பிள்ளை, நாளைக்கு விடிய நேரம் சரியில்லையாம். இண்டைக்குப் பின்னேரமே பாலறுகு வைச்சிடுவம். பொம்பிளையைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வா."

பாலறுகு என்றால் மணப்பெண்ணின் தலையில் பெரியவர்கள் பாலில் தோய்த்த அறுகம்புல்லை வைத்து, நீராட்டுவது. ஏலாது என்று சொல்ல வாய் எடுத்தேன். "ஓம், மாமி" என்றேன். சண்டை நடக்கும் வன்னியில் இருக்கும் மூத்த மகளிடமிருந்து மாமிக்கு மாதக்கணக்காக அழைப்பில்லை. இந்தக் கலியாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தால் அவளுடைய குரல் கேட்கும் என்று அவர் மனதுக்குள் முடிந்து வைத்திருந்தார். ஒரு சடங்கை நிறுத்தும் துணிவு எனக்கு வரவில்லை.

"வீட்டில் உனக்குக் கொஞ்சம் பால் வைப்பார்கள்" என்றேன் எமிலியிடம்.

"நல்லது. சீனி வேண்டாம்" என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில், மாமி பயபக்தியோடு இரண்டு கைகளாலும் அறுகை வைத்தார். பால் நெற்றியில் வழிந்தது. கண்ணோரத்தால் இறங்கும்போது தேநீர் நிறமாகியிருந்தது. எமிலியின் கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. வழிந்ததைத் துடைக்கப்போன மாமியின் உள்ளங்கைகளில் நிறம் ஒட்டியது.

"இதென்ன பிள்ளை, பொம்பிளைக்குத் தோல் கரையுது? அபசகுனமே? அங்கை என்ர பிள்ளைக்கு ஏதும்..."

"என்ன சொல்கிறார்?" என்று எமிலி என்னைப் பார்த்தாள். அந்த அறையில் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே வாய் என்னுடையது.

"அது அவையளின்ர மஞ்சள் பூசிற மாதிரி, மாமி. பாலிலை கழுவினாத்தான் நல்லதாம்" என்றேன். எமிலியிடம் திரும்பி, "நிறம் கரைந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்" என்றேன். இருவரும் நம்பினார்கள். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. மாமி இன்னும் பாலை அள்ளி ஊற்றினார்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமையாகிறது. எமிலியின் முகம் பழையபடி வெளுத்துவிட்டது. மாமியின் உள்ளங்கைகளில் மட்டும் அந்த நிறம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கையில்தான் தொலைபேசியை வைத்துக்கொண்டு சாளரத்தடியில் இருக்கிறார். வன்னியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. இடைக்கிடை உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார்; பிறகு என்னைப் பார்க்கிறார். எமிலி தேநீரோடு வந்து, "அவருக்கு என்ன?" என்று என் காதருகே கேட்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கிறேன்.