மலை மாறிய நிச்சயதார்த்தம்

பம்மலிலிருந்து பரங்கிமலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் ஃபிலோமினாவின் வண்டியில் ஏறிய வெளியூர்க்காரர்கள் ஊர்ப்பெயரின் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை.

"தோமையார் ஒளிஞ்சிக்கினு இருந்தது சின்னமலை குகையில. அங்கேர்ந்து தப்பிச்சு வந்து ஈட்டிக்குத்து வாங்கினது இங்க. அதான் செயின்ட் தாமஸ் மவுண்ட். அப்பால பரங்கிக்காரன் வந்து மேல கோயில் கட்டினான், நம்ம ஜனங்க பரங்கிமலைன்னுட்டாங்க. மலையை மாத்தி எறங்கிடாத சார்!"

அப்படிப்பட்டவள், மகள் பெனிட்டாவின் நிச்சயதார்த்தத்துக்குத் தூத்துக்குடிச் சம்பந்திகளிடம் போனில் சொன்னது, "தோமையார் மலைக் கோயில், பதினோரு மணி" என்பது மட்டும்தான்.

பதினொன்றே கால் ஆகியும் யாரையும் காணோம். பன்னிரண்டு மணிக்கு ஃபாதருக்கு வேறு கோயிலில் பூசை. அவர் கிளம்பிவிட்டால் மோதிரத்தை மந்திரித்துக் கொடுக்க ஆளில்லை. அப்போது போன் அடித்தது.

"கோயிலுக்கு வந்துட்டோம், ஒங்களத்தான் காணல. இங்க ஒரு குகை இருக்கு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஐயையோ, அங்கியே நில்லுங்க!"

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஃபிலோமினா ஆட்டோவைக் கிளப்பினாள். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், வெட்கத்தை மறைக்க அதே பழைய கதையை எடுத்துவிட்டாள்.

மலைமேல் ஃபாதர் பைக் சாவியோடு நின்றிருந்தார். "பத்து நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம்!"

"தப்பு என்னுதுதான், சம்பந்தியம்மா," என்று ஃபிலோமினா கைகூப்பினாள்.

"தப்பென்ன? தோமையார் வந்த வழியிலதான வந்திருக்கோம். ஒங்க பொண்ணு கையில ஈட்டி மட்டும் இல்லாம பாத்துக்கிடுங்க."

மோதிரத்துக்காக நீட்டியிருந்த கையைப் பெனிட்டா நன்றாக விரித்துக் காட்டினாள்.