மானுக்கு எந்த முனை

என் மாமாவுக்கு மீனைக் குத்தத் தெரியும். மானைக் குத்தத் தெரியாது. அது அவருக்கே விளங்க ஒரு கிழமை எடுத்தது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த உம்மா, மூன்று மாதமாக எதைத் தின்றாலும் சத்தி எடுத்தார். சோறும் பாணும் மணத்திலேயே திரும்பிவிடும். இன்னும் நிறை குறைந்தால் மன்னார் ஆசுபத்திரியில் மறிக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றுதான் உம்மா, சின்ன வயதில் தின்ற மான் இறைச்சி என்றால் இறங்கும் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். சிலாவத்துறையில் சங்கு குளிக்கும் அவருடைய தம்பி, என் மாமா, எங்கள் மறிச்சுக்கட்டி வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. அதை அவர் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார்.

மான் அடிப்பது குற்றம். துவக்கால் சுட்டால் சத்தம் காட்டிலாகாக் கந்தோர்வரை போகும். அம்புக்குச் சத்தமில்லை என்பது மாமாவின் எண்ணம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அடுப்பில் வாட்டி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வில் வளைத்தார். வில் சுகமாக முடிந்தது. அம்புதான் எல்லோரையும் ஆட்டி வைத்தது.

முதல் அம்பு பழைய டிவி அன்டெனாவின் குழாய். வேம்பில் பட்டதும் வளைந்தது, வளைந்தபடியே நின்றுவிட்டது. பிறகு மூங்கில். நெருப்பில் காட்டி நிமிர்த்தினால் ஈட்டி மாதிரி நேராக வந்தது. வாலுக்கு மயில் இறகு பொறுக்குவது என் வேலை. ஓர் அம்புக்கு மூன்று இறகும் ஒரே பக்கத்துச் சிறகில் இருந்து வரவேண்டும், கலந்து கட்டினால் அம்பு தள்ளாடும் என்பதை நாங்கள் பட்டுத்தான் கண்டுபிடித்தோம். அதன்பின் பாயில் இடம், வலம் என்று நான் பிரித்து வைப்பேன். மயிலுக்கு எந்தப் பக்கச் சிறகு பலம், அம்பு வருவது மானுக்குக் கேட்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மாமாவைப் பிடித்தால் இறகு பொறுக்கியவளையும் பிடிப்பார்களா என்பதை மட்டும் கேட்கவில்லை. பதில் ஆம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

முனைக்கு மாமா, தன் மீன் குத்தும் ஈட்டியின் கொழுக்கியையே அராவிப் பூட்டினார். வாப்பா அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது மீனை விடாமப் பிடிக்கிற முனை. மானைக் கயித்துல கட்டி வள்ளத்துக்கு இழுக்கவா போறாய்?"

"குத்தினா சாகும்தானே?"

"ஓட்டை விழும், வெட்டாது. ரத்தம் போகாம, காட்டுக்குள்ள நாலு நாள் கிடந்து சாகும். அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது?"

"அப்ப என்ன, கத்தியையா எய்யச் சொல்றீங்க?"

"ஓம். கத்தியைத்தான்."

மரம் அறுக்கும் வாளின் அலகை வெட்டி, முக்கோணமாக அராவி மூங்கிலில் செருகினார் மாமா. மூன்று விரல் அகலம். கையில் வைத்து இழுத்தால் மயிரைச் சிரைத்தது. எய்தபோது அலகில் காற்றுப் பிடித்து, பட்டம்போலச் சுழன்று, கோழிக்கூட்டில் போய்க் குத்தி நின்றது.

உள்ளே படுத்திருந்த உம்மா சொன்னார்: "தம்பி, நான் கோழி கேக்கல்லையே."

அந்த மூன்று மாதத்தில் அவர் பகிடி விட்டது அன்று ஒருநாள்தான். அலகை ஒன்றரை விரலாகக் குறைத்து, இறகை நீளமாக வைத்ததும் அம்பு அடங்கியது. வாழைத்தண்டின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, சுபஹ் தொழுதுவிட்டு மாமா தனியே போனார். நான் வாசலுக்கும் உம்மாவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்ல முன்னம், சைக்கிள் கரியரில் சாக்கோடு வந்து நின்றார்.

"மான் எங்க விழுந்தது?" என்று வாப்பா கேட்டார்.

"குளத்துக் கரையில."

"கரையிலயா?"

"கரையிலதான் மச்சான்."

மாமா உடுத்திருந்த சாரமும் சட்டையும் நெஞ்சுவரை நனைந்திருந்தன. கழுத்தில் பாசி ஒட்டியிருந்தது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணக் கூடாது, கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது என்று மதரசாவில் ஓதித் தந்திருந்தார்கள். வாப்பா சாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு உம்மா தானாக எழுந்து, மிளகாய் வறுக்கச் சட்டி தேடிக்கொண்டிருந்தார்.

"ஈர உடுப்போட நிக்காம போய் மாத்து" என்றார் வாப்பா.

அவ்வளவுதான். அம்பின் முனைக்கு ஒரு கிழமை வாதாடியவர், இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று நான் தவித்தேன். வாப்பாவிடம் சொன்னால் மாமா பொய்யர் ஆவார். சொல்லாவிட்டால் நான்.

உம்மா இரண்டு கோப்பை சோறு தின்றார். ஒன்றும் திரும்பி வரவில்லை. மாமா சாப்பிட நிற்காமல் சிலாவத்துறைக்குப் போய்விட்டார். மான் இறைச்சி பிள்ளைகளுக்குச் சூடு என்று சொல்லி, வாப்பா எனக்கு முட்டை பொரித்துத் தந்தார். தனக்குப் பல்வலியாம், வெறும் தேத்தண்ணீரோடு வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

பல்வலி முற்றினால் காய்ச்சல் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கவலையில் மற்றதெல்லாம் மறந்துபோனது. அடுப்படியில் கிராம்பு ஒன்று தேடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாப்பா அதை வாங்கி, எந்தப் பல் என்று யோசிப்பவர்போல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, இடது பக்கம் வைத்துக் கடித்தார்.

"இப்ப சுகமா, வாப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள், சுகம்" என்றார். நான் நம்பினேன்.