சுவரில் வரைந்த கடல்

அந்தக் கோடையில் நானும் அக்காவும் சேர்ந்து ஒரு பட்டாசுக் கம்பெனியின் சுற்றுச்சுவரில் கடல் வரைந்தோம். அக்கா எனக்கு உடன்பிறந்தவரில்லை. விருதுநகரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. வேம்பாற்றுக் கடற்கரையில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்தவர். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறவள். அந்த வேலையில் தொலைந்துபோன, கையால் வரையும் பழக்கத்தைத் திரும்பப் பிடிப்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்த் தூரிகை எடுப்பேன்.

அவர் கடலைத் தவிர வேறெதையும் வரைவதில்லை. அந்தக் கடலும் பார்க்க இதமாக இருக்காது. கரையில் ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்பார். அவருக்கு முன்னால் நீர் எழும்பி நிற்கும். விழுமா, அடங்குமா என்று தெரியாது. அப்படி ஒரு படத்தைப் பள்ளிக் கண்காட்சியில் பார்த்த கம்பெனி முதலாளி, மெயின் ரோட்டைப் பார்த்த சுவர் முழுவதும் கடல் வேண்டும் என்றார்.

"நெருப்புக்குள்ளயே கெடக்கோம். போகவரத் தண்ணியப் பாத்தா மனசுக்கு நல்லாருக்கும்ல?" என்று சிரித்தார்.

பள்ளிக்கு விடுமுறை. அச்சகத்திலும் காலண்டர் சீசன் இல்லாத மாதம் என்பதால் எனக்கு லீவு கிடைத்தது. சாரம் கட்டி ஏறினோம். ஏறிய பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. தள்ளித்தள்ளிச் சிறு சிறு அறைகள், நடுவே ஒரு சிமெண்டுக் களம். களத்தில் தட்டுத்தட்டாக வாணத்துக்கான மருந்து உருண்டைகள் காய்ந்தன. வானத்தில் பச்சையும் சிவப்புமாகப் பூப்பது இவைதான். கிட்டத்தில் பார்த்தால் மண்நிறத்தில் சுண்டைக்காய் போல இருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வெளியே வந்து எங்கள் வேலையை வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி தினமும் வருவாள். என் வயதுதான் இருக்கும். முழங்கைவரை அலுமினியப் பொடி அப்பி, இரண்டு கையும் வெள்ளியில் வார்த்ததுபோல மின்னும்.

"ஏங்கா, கடலு இம்புட்டுக் கறுப்பாவா இருக்கும்?"

"ஆழத்துல இப்படித்தான் இருக்கும்," என்றார் அக்கா.

"பயமா இருக்குக்கா. வெள்ளையாக் கொஞ்சம் போடுங்க."

சொல்லிக்கொண்டே ஈரம் காயாத சுவரில் கையை ஊன்றிவிட்டாள். ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்தன. அவள் பதறிப்போனாள். அக்கா அதை அழிக்கவில்லை. "வெயில் பட்ட அலை மாதிரி இருக்கு, இருக்கட்டும்," என்றார். எனக்கு மட்டும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ நீட்டுவதுபோலத் தோன்றியது.

அக்கா வரைவது நாளுக்கு நாள் குறைந்தது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்தபடி நிற்பார். ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"அறைக்கு நாலு பேருன்னு கதவுல எழுதிப் போட்டிருக்கு. அந்த மூலை அறைக்குள்ள பாரு, எத்தன தலை தெரியுது? எடம் பத்தாம வேப்பமரத்தடியிலயும் ஒக்காத்தி வச்சு மருந்து அடைக்காக. அந்தத் தட்டுக எல்லாம் உச்சி வெயில்ல கெடக்கு. யாரும் எடுக்க மாட்டேங்காகளே."

இறங்கிப்போய்ப் போர்மேனிடமே கேட்டார். போர்மேன் மரியாதையாகத்தான் பேசினார்.

"பெரிய ஆர்டரு, அக்கா. லோடு போயிருச்சுன்னா எல்லாம் சரியாயிரும். நீங்க கடல வரையிங்க. எங்க பொழப்ப நாங்க பாத்துக்கிடுதோம்."

அக்கா திரும்பி வந்து ஏறினார். அன்று முழுவதும் சாரத்தின் கயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமே என்று நான் சொன்னதற்கு, "நாம வரலேன்னா உள்ள நடக்கிறத யாரு பாப்பா?" என்று கேட்டார். அதனால் மறுநாளும் இருவரும் வந்தோம்.

அன்று காற்றே இல்லை. சீமைக்கருவேல மரங்கள்கூட அசையவில்லை. பெயிண்ட் டப்பாவில் இருக்கும்போதே ஆடை கட்டியது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் கீழ்வரிசையில் நுரை வரைந்துகொண்டிருந்தேன். மேலே அக்காவின் கால் நின்ற பலகை ஆடியது.

"புகையுது! களத்துல புகையுது! ஏலே, வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

அவர் குரல் அவ்வளவு பெரிது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடற்கரையில் படகை நோக்கிக் கத்துகிற குரல். உள்ளே செருப்புச் சத்தமும் அலறலும் கேட்டன. வாசல் வழியாகப் பெண்கள் கூட்டமாக ஓடி வந்தார்கள். அக்கா சாரத்திலிருந்து குதித்து என் கையைப் பிடித்து இழுத்தார். ரோட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் முள் கிழிக்க விழுந்தோம்.

அதன்பிறகு எனக்குச் சத்தம் நினைவில்லை. தரை முதுகில் அறைந்ததுதான் நினைவிருக்கிறது. தலையைத் தூக்கியபோது சுவர் இல்லை. நாங்கள் வரைந்த கடல் ரோட்டில் கல்கல்லாகக் கிடந்தது. அது இருந்த இடத்தில் வெள்ளைப் புகை எழுந்து நின்றது.

மரத்தடியில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். மூலை அறையில் இருந்த இருவர் வரவில்லை. வெள்ளிக் கைக்காரி கடைசியாக ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அவள் வெந்த கைகளை நீட்டியபடியே நின்றாள். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது அக்கா பார்த்ததை எல்லாம் சொன்னார். போக வேண்டாம் என்று அவர் கணவர் தடுத்தார். முந்தின நாள் வீட்டெதிரே ஒரு கார் வெகுநேரம் நின்றிருக்கிறது. யாரும் இறங்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. அக்கா போனார். நானும் உடன் போய் அதையேதான் சொன்னேன்.

கம்பெனியைப் பூட்டினார்கள். சில நாள் கழித்து அங்கே வேலை பார்த்த பெண்களில் சிலர் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். ஒருவரும் உட்காரவில்லை.

"நீங்க கத்துனதாலதான் உசுரோட இருக்கோம். இல்லேங்கலே," என்றார் மூத்தவர். "ஆனா பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது. வேலைக்கு எங்கன போவோம்? இப்படி எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீகளே."

அவர்கள் போனபிறகும் அக்கா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். அன்றிலிருந்து கடற்கரையில் முதுகைக் காட்டி நிற்கும் அந்த ஆளை அவர் வரைவதில்லை. இப்போது வெறும் நீர் மட்டும்தான்.

கம்பெனியை மறுபடி திறந்துவிட்டார்கள். சுவரை எழுப்பிவிட்டார்கள். முன்பைவிட உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. பெயிண்ட் கிடையாது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். பஸ்ஸின் உயரத்திலிருந்தும் உள்ளே எதுவும் தெரிவதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கன்குடி கோவிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே அந்த வெள்ளிக் கைக்காரியைப் பார்த்தேன். கைகளில் தோல் வெளுத்து இழுத்திருந்தது. விரல்களை முழுதாக நீட்ட முடியவில்லை.

"அந்தக்கா சொகமா இருக்காகளா? நம்மாளுக ஏசுனத மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு சொல்லுங்க."

கோவிலுக்கா என்று கேட்டேன்.

"இல்லக்கா, வேலைக்கு. நம்ம பழைய கம்பெனிக்குத்தான். கை ஆறிருச்சுல்ல. சீசனுக்கு ஆள் பத்தலயாம், வேன் அனுப்பிருக்காக."

வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையைக் கொடுத்து ஏறினாள். இன்னும் இருவர் ஏறினார்கள். கதவு மூடவில்லை. மூடாமலேயே வேன் கிளம்பியது.