சூளைக்குள் மூன்று வளையங்கள்

எனக்கு இயற்கையாக வந்த ஒரே தொழில் சந்தேகப்படுவது. பீங்கான் பொம்மை செய்வதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது, அதுவும் அரைகுறை. நான் செய்த பிள்ளையாரைக் கையில் எடுத்து, "யானைக்குட்டி நல்லாத்தான் இருக்குது, என்ன வெலை?" என்று கேட்டவர்கள் உண்டு.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சூளை. நால்வரில் நான் மட்டும்தான் உள்ளூர். மற்ற மூவரையும் 'வெளியாளுங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். ஒருவர் பாலக்காட்டிலிருந்து வந்து ஃப்யூஸ் கட்டை செய்த மலையாளி. இன்னொருவர் ஊறுகாய் ஜாடி செய்த சேட்டு. அவருடைய தாத்தாதான் மார்வாடு தேசத்திலிருந்து வந்தவர். சேட்டு எங்கள் ஊரிலேயே பிறந்து, என்னைவிட நன்றாக எங்கள் ஊர்ப் பேச்சு பேசுவார். வெளியாள் எதற்கு இவ்வளவு நன்றாகப் பேச வேண்டும் என்று அதுவே எனக்குச் சந்தேகம். மூன்றாமவர் ரங்கூனிலிருந்து அகதியாகக் கப்பலேறி வந்த பர்மாக்காரர். தமிழர்தான். ஆனால் அவர் லுங்கியில் போடும் முடிச்சு நம் ஊர் முடிச்சு இல்லை. எனக்கு அது போதாதா?

"மூணு பேரும் ஒண்ணு. ஒருநாளைக்கு சூளையவே புடிச்சிக்குவாங்க பாரு" என்றேன் மனைவியிடம்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மூணு பேரும் ஒரே கடையில டீ குடிக்கறாங்க."

"நீங்களும் அங்கதான குடிக்கறீங்க?"

"நான் வேவு பாக்கறதுக்குக் குடிக்கறேன்."

அந்த மாதம் பர்மாக்காரருக்கு முதல் ஆர்டர் வந்தது. வேப்பூர் ரோட்டோர ஓட்டல் ஒன்றுக்குப் பச்சைக் கோடு போட்ட டீ கப்புகள். மாதக் கடைசிக்குள் கொடுத்தால் ஓட்டல்காரர் தொடர்ந்து வாங்குவார். தவறினால் ஆர்டரோடு, வாடகைக்கு எடுத்த அரைக் கொட்டகையும் போகும். கணவனும் மனைவியும் மறுபடி அகதி முகாமுக்குத்தான். இது பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

யாருடைய சரக்கு அதிகமோ அவர்தான் அந்த முறை தீயைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆளுக்கொரு வழி. மலையாளி குறிப்பிட்ட சூட்டில் வளையும் கூம்புகளை வைப்பார். சேட்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் சூளைச் சுவரின் ஓட்டை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்து, "ம்" என்பேன். அந்த "ம்"முக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. பர்மாக்காரர் எப்படிப் பார்க்கிறார் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. அந்த முறைதான் அவருடைய முதல் முறை.

காலையில் சரக்கை அடுக்கினார்கள். என்னுடைய ஐம்பது பிள்ளையாரும் ஓர் ஓரத்தில் உள்ளே போனார்கள். எல்லோரும் டீக்குப் போனபின் பர்மாக்காரர் மட்டும் தனியாகச் சூளைக்குள் போவதைப் பார்த்தேன். ஒளிந்து நின்றேன். மடியிலிருந்து மூன்று களிமண் வளையங்களை எடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக எதையோ தடவியிருந்தார். பார்க்கும் ஓட்டைக்கு நேராக அவற்றை வரிசையாக நிறுத்தி, புரியாத பாஷையில் முணுமுணுத்தார். பிறகு கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

செய்வினை! மூன்று வளையம், மூன்று வெளியாட்கள், ஓரத்தில் என் பிள்ளையார்கள். கணக்குச் சரியாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் உள்ளே நுழைந்து மூன்றையும் என் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசிவிட்டார்கள்.

வீட்டில் தூக்கைத் திறந்த மனைவி அலறினாள். "சோறு திங்கற தூக்குலயா சூனியத்தக் கொண்டாந்தீங்க? வூட்டுக்குள்ள வெக்காதீங்க, ஆத்துல கொண்டு போடுங்க!"

மணிமுத்தாற்றில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகையில் மாட்டி வைத்தேன்.

மறுநாள் மதியம் பர்மாக்காரர் நீளக் கம்பியை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். வெளியே இழுத்தார். மறுபடி துழாவினார். அவர் முகம் சுண்டிப் போனது.

"என்ன தேடறீங்க?" என்றேன்.

"சோதனை வளையம் அண்ணே. ஒண்ணொண்ணா எடுத்து உடைச்சுப் பார்ப்பேன். மேலே தடவுன கிளேஸ், அந்த வெள்ளைப் பூச்சு, உருகியிருந்தா தீய நிறுத்தணும். மூணும் விழுந்திருச்சு போல. நீங்க நெறம் பார்ப்பீங்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். ஆரஞ்சாகவும் இருந்தது, வெள்ளையாகவும் இருந்தது. "ம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் போவட்டும்."

ஆறியபின் திறந்தோம். தீ எல்லை மீறிப் போயிருந்தது. கப்புகள் குனிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. என் பிள்ளையார்களின் துதிக்கை தொப்பையில் ஒட்டி, ஐம்பது பேரும் வயிற்றுவலிக்காரர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

வளையங்களைக் காணோம் என்பது பரவி, அன்று மாலைக்குள் நான் கட்டிய மூட்டை அவிழ்ந்தது. மலையாளி என் காதருகே வந்து, "வளையத்தை எடுத்தது அந்தச் சேட்டாக்கும். எனக்கு முதல்லயே சம்சயம்" என்றார். சேட்டு தனியாக அழைத்து, "மலையாளி வேலதான் இது. கூம்பு வெக்காதவன் சூளை பாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். நீங்க உள்ளூர்க்காரர், உங்ககிட்டதான் சொல்ல முடியுது" என்றார். நான் பயந்து நடுங்கிய அந்த ஒற்றுமை பேட்டையில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தவன் நான் ஒருவன்தான்.

கடைசியில் பர்மாக்காரர் வந்தார். "விழுந்திருந்தா அடியில கிடக்கணும் அண்ணே. சாம்பலை எல்லாம் சலிச்சுட்டேன், இல்ல. யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. நாளைக்குக் கொட்டகையைக் காலி பண்றேன்."

நான் வீட்டுக்குப் போய்த் தூக்கோடு திரும்பி வந்து அவர் முன்னால் திறந்தேன். மூன்று வளையமும், எடுத்தபடியே.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு அண்ணே?"

"செய்வினைன்னு நெனச்சேன். மந்திரம் வேற சொன்னீங்க."

"கப்பை எண்ணினேன். எண்ணுறது மட்டும் எனக்கு பர்மா பாஷையிலதான் வரும்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அடுத்த சூளையில் என் சரக்குதான் அதிகம், அதனால் என் முறை. சதுர்த்திக்கு இன்னொரு ஐம்பது பிள்ளையார் காய்ந்து தயாராக இருந்தார்கள். "என் முறைய நீங்க எடுத்துக்குங்க. என் எடம் முழுக்க கப்பே அடுக்குங்க. பிள்ளையார் அடுத்த வருஷம் போவாரு" என்றேன்.

"ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டார். குரலில் நன்றி இல்லை, விசாரணைதான் இருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையதேதான்.

அவரும் மனைவியும் இராப்பகலாகக் கப்பு செய்து காயவைத்தார்கள். அடுக்குகிற அன்று என்னை உள்ளே கூப்பிட்டார். ஓட்டைக்கு நேராக மூன்று வளையங்களை நிறுத்தினார். சற்றுத் தள்ளி, கைக்கு எட்டுகிற இடத்தில், நாலாவதாக ஒன்றை வைத்தார்.

"அந்த மூணும் சூளைக்கு. இது உங்களுக்கு அண்ணே. எடுக்கணும்னு தோணுச்சுன்னா இதை எடுங்க."

கப்புகள் நேராக வந்தன, மாதம் முடிவதற்குள் வேப்பூருக்கும் போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு பல வருஷம் ஒரே சூளையில் வேலை செய்தோம். ஒவ்வொரு முறையும் நாலு வளையம் வைப்பார். வைத்துவிட்டு, வாசலுக்குச் செங்கல் வைத்து மண் பூசி முடிகிறவரை எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சூளையை அல்ல, என்னைப் பார்த்துக்கொண்டு.