ஸ்ட்ரௌட் பூங்காவின் அடியில்

கிளைட் ஸ்ட்ரௌட்டின் பெயரை நகராட்சிப் பூங்காவுக்கு வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வெர்னெல் டகெட் வாயிலிருந்த சோளரொட்டியைத் துப்பினாள். அலபாமாவின் அந்தச் சிற்றூரில் சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டிய ஒரே பெண் அவள்தான். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

அந்தப் பூங்காவின் புல்லுக்கடியில் ஒரு நீச்சல்குளம் புதைந்து கிடந்தது. வெர்னெல் சிறுமியாக இருந்தபோது, கறுப்புப் பிள்ளைகளையும் அதில் இறங்க விட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுவாரமே, அப்போது மேயராயிருந்த கிளைட் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி அதை மூடிவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற வெர்னெலையும் அவள் அண்ணன் லூஷியஸையும் பார்த்து, "குளிக்கணும்னா ஆத்துக்குப் போங்கடா" என்று சிரித்தார். லூஷியஸ் ஆற்றுக்குத்தான் போனான். நீச்சல் தெரியாது. வலை போட்டுத்தான் எடுத்தார்கள்.

குளம் விரிசல் விட்டு ஒழுகியது, அதனால் மூடினோம் என்பது வெள்ளைக்காரர்கள் சொன்ன கதை. பள்ளிக்கூடத்திலும் அதுதான் பாடம். வரவர அங்கே குளம் இருந்ததே பலருக்குத் தெரியாமல் போயிற்று. வெர்னெலுக்கு மட்டும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

பூங்காவில் நீரூற்று வைக்கக் குழாய்ப் பள்ளம் தோண்ட நகராட்சி டெண்டர் விட்டது. டீசலுக்கே காணாத தொகை போட்டு வேலையைப் பிடித்தாள் வெர்னெல். அவளிடம் வேலைபார்த்த கிளியோட்டிஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"பைத்தியமா அக்கா உனக்கு? இதுல என்ன மிஞ்சும்?"

"மிஞ்சறது மண்ணுக்கடியில இருக்குடா. வண்டிய எடு."

பெயர்சூட்டு விழாவுக்கு முந்தின நாள் காலையில் தோண்ட ஆரம்பித்தாள். சற்று நேரத்திலேயே இரும்புப் பல் எதிலோ மோதியது. நீல ஓடு. வெர்னெல் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் குளத்தின் பாதி திறந்துவிட்டது: சுவர், துருப்பிடித்த ஏணி, வானம்போல் நீலமான தரை.

கிளைடின் மகனும் இப்போதைய மேயருமான ஹார்லன் ஓடிவந்தான்.

"வெர்னெல்! ஒரு முழப் பள்ளம்தானே சொன்னேன்?"

"குழாய் போற வழியில இது கிடந்துச்சு சார். நான் என்ன பண்ண?"

"உடனே மூடு."

"மூடறது உங்க குடும்பத் தொழில் சார். எனக்குத் தோண்டத்தான் தெரியும்."

வண்டியைப் பள்ளத்தின் வாயிலேயே நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போனாள். ஹார்லன் வட்டாரம் முழுக்கப் போன் போட்டான். ஜேசிபிக்காரர்களில் பாதிப்பேர் அவளோடு சர்ச்சில் பாடுகிறவர்கள், மீதிப்பேர் அவளிடம் தொழில் கற்றவர்கள். அன்று ஒருவனுக்கும் வண்டி கிளம்பவில்லை.

மறுநாள் விழாவுக்குக் கறுப்பர்கள் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்து பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். கிளைடைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார்கள். ஹார்லன் மைக்கைப் பிடித்தான். "இது பழைய குளம். விரிசல் விட்டதால அப்பா மூடவேண்டி வந்துச்சு."

கிழவர் முகம் சிவந்தது. மேயராகும் முன் அவர் கட்டட ஒப்பந்தக்காரர்.

"விரிசலா? எவன்டா சொன்னான்? நான் கட்டுன குளம்டா இது! மயிரிழை விரிசல் ஒண்ணு காட்டு பாப்போம்!"

நீலத் தரையில் இறங்கி நின்றிருந்த வெர்னெல் அண்ணாந்து கேட்டாள்: "அப்புறம் ஏன் ஐயா மூடுனீங்க?"

"உங்க ஆளுங்க எறங்கக் கூடாதுன்னுதான்! வேற எதுக்கு?"

மைக்கை அணைக்க ஹார்லனுக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. விழாவுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரி எழுதிக்கொண்டாள். அந்தக் கிழவரை அடிப்பதாக வெர்னெல் எத்தனையோ முறை கனவு கண்டிருக்கிறாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு இனித்திருக்காது.

சில நாள் கழித்து ஹார்லன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தான். "உன் அண்ணன் பேரையே பூங்காவுக்கு வச்சிடலாம், வெர்னெல். பள்ளத்த மட்டும் மூடிடு."

"எங்கண்ணன் பேரு எதுக்கு? உங்கப்பா பேரே இருக்கட்டும். கீழ, அவரு சொன்னத ஒரு வார்த்தை குறையாம பொறிச்சு வையுங்க. உங்க பேரப்புள்ளைங்க எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்."

நகராட்சி நெடுநாள் இழுத்தடித்தது. ஆனால் பத்திரிகை விடவில்லை, சர்ச்சும் விடவில்லை. கடைசியில் பொறித்தார்கள், குளத்தை மூடாமல் சுற்றிக் கம்பிவேலியும் போட்டார்கள். வெர்னெலுக்கு அதன்பின் நகராட்சி வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

அடுத்த குளிர்காலத்தில் கிளைட் செத்தார். கல்லறைக்குழி வெட்ட ஹார்லன் எங்கோ தொலைவிலிருந்து ஆள் கூட்டிவந்தான்.

"நான் தோண்டுனா மறுபடி வெளிய வந்துடுவாருன்னு பயம்போல" என்றாள் வெர்னெல் கிளியோட்டிஸிடம். அன்று மத்தியானம் சுட்ட பன்றிவிலா இரண்டு தட்டு நிறையத் தின்றாள்.