சலீமா பீவி கட்டும் பூச்சி

"தண்ணி என்ன நெறத்துல கெடக்கு?"

இதைக் கேட்காமல் சலீமா பீவி யாருக்கும் கொக்கி எடுத்துக் கொடுப்பதில்லை. வாசலில் நிற்பவர் உப்பனாற்றில் தூண்டில் போடும் சாமிக்கண்ணு. முப்பது வருஷமாக மீன் பிடிக்கிறவர், பரீட்சைக்கு வந்தவர் மாதிரித் தலையைச் சொறிகிறார்.

"கலங்கலாத்தான் இருக்கு."

"கலங்கல்னா? மோரா, தேத்தண்ணியா?"

"பால் ஜாஸ்தி ஊத்துன டீ."

"அப்ப மஞ்சள எடுத்துக்கிட்டுப் போங்க. வெள்ளையப் போட்டா கொடுவா பாத்து சிரிச்சிட்டுப் போயிரும்."

கொடுவா மீனுக்கு இரை வேண்டாம், இறகே போதும் என்பது சலீமா பீவியின் கட்சி. சேவலின் கழுத்து இறகைக் கொக்கியின் தலையில் வைத்து நூலால் இறுக்கிவிடுவார். இழுத்தால் தண்ணீருக்குள் குஞ்சு மீன் ஓடுவது போலவே இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கலுக்கு மஞ்சள், வானம் மூடாக்குப் போட்ட நாளுக்குக் கறுப்பு. இவ்வளவு சொல்கிறவர் இன்றுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை.

கடலூர் முதுநகரில் அவர் வீட்டுக்கு எதிர் மாடியில் நான் குடியிருக்கிறேன். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். இறகை வகிர்வதற்கென்று இடது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருக்கிறார். தெருவிலுள்ள சேவல்கள் அவரைக் கண்டால் நடையை மாற்றிக்கொள்ளும்.

கணவர் ஹபிபுல்லா பினாங்கில் இருக்கிறார். இங்கே வீட்டுக்கு ஆண் துணை என்று கொழுந்தன் அப்துல் ஹக். இறகு வேலை அவருக்கு அடியோடு பிடிக்காது. "கண்டவனும் வந்து வாசல்ல நிக்கிறான், மச்சி" என்பார்; அண்ணியை மச்சி என்பது அவர்கள் வழக்கம். "நிக்கிறவங்களுக்கு முக்காலி போடுங்க தம்பி" என்று பதில் வரும்.

இந்த வீட்டுக்குத்தான் ஊட்டி மீன் வந்து சேர்ந்தது. பக்கத்து ஆலை ஒன்றில் இன்ஜினீயராக இருக்கும் துரை, வருஷந்தோறும் மலைக்குப் போய் ஓடைகளில் ட்ரௌட் என்ற மீனைப் பிடிக்கிறவர். அதற்குப் புழுவும் இறாலும் ஆகாது. இறகால் கட்டிய பொய்ப் பூச்சிதான் வேண்டும். சைனா சண்டைக்குப் பிறகு சீமைச் சாமான் வரத்து நின்றுவிட, அவருடைய டிரைவர் கொளஞ்சியப்பன் விசாரித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கையில் வெறுங்கொக்கிகள், பூச்சிப் படங்கள் அச்சடித்த ஒரு வர்ணத் தாள்.

தாளைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான், சிதம்பரத்தில் பி.ஏ. முடித்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு பூச்சிகளின் பெயர்களை வாசித்தேன். சலீமா பீவி கையை அசைத்து நிறுத்தினார்.

"பேரு கெடக்கட்டும் சார். எந்தப் பறவைன்னு சொல்லுங்க."

அதன்பின் அந்தப் பூச்சிகளுக்கு அவர் வைத்ததே பெயர். செம்பழுப்புச் சேவல் இறகில் கட்டுவது செவலை. மயில்பீலியை உடம்பில் சுற்றுவது மயில். சாம்பல் புள்ளி இறகில் கட்டுவது கவுதாரி. பொன் நிறம் வேண்டிய இடத்தில் தன் கல்யாணப் புடவையின் ஜரிகையைப் பிரித்துச் சுற்றினார். மூன்றில் அவருக்குப் பிரியம் கவுதாரி மேல்தான். "கடல் மீனுக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜிகினா வேணும். இது கவுரவக்கார மீனு. அழுக்கு நெறத்துல இருந்தாத்தான் நம்பும்."

ஆனால் முதலில் அனுப்பிய டஜன் திரும்பி வந்துவிட்டது. இறக்கை பெரிது, தண்ணீரில் மிதக்கவில்லை என்று சீட்டு. அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். அப்துல் ஹக் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா அண்ணனுக்குக் காயிதம் போட்டுருவேன். கொடுவா கொக்கியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கடைய மூடிர வேண்டியதுதான்." சலீமா பீவி வாதாடவில்லை. "சரி" என்றார். சொன்னால் சொன்னதுதான், அவரிடம்.

இரண்டாவது டஜனைப் போன ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் கொடுக்கவேண்டியிருந்தது. மூன்றுக்குத் துரை மலைக்குக் கிளம்புகிறார். சனிக்கிழமையே கட்டி முடித்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். நூல் நனையாமல் இருக்கட்டும் என்று, கடல் கொக்கிக்குச் செய்கிற வழக்கப்படி, முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தொட்டுத் தடவிவிட்டார். எங்கள் ஊர் காடாம்புலியூரிலிருந்து அந்த எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தவனே நான்தான். இந்தப் பக்கம் வலைக்கும் படகுக்கும் அதைப் பூசாதவர் கிடையாது. தொட்டதையெல்லாம் கறுப்பாக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இறகுக்குப் பக்கத்தில் போகுமே என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் கார் வருகிற நேரத்துக்குத்தான் டப்பாவைத் திறந்தார். நானும் கூட இருந்தேன். எண்ணெய் நூலிலிருந்து இறகுக்கு ஏறியிருந்தது. செவலை, மயில், கவுதாரி, எல்லாம் ஒரே கறுப்பு. இறகிழைகள் ஒட்டி விறைத்துக் கிடந்தன. ஒன்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். நேராக அடிக்குப் போனது.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்து நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"இதையே குடுங்கம்மா. மலைக்குப் போயித்தான டப்பாவத் தொறக்கப் போறாரு?"

"தொறப்பாருல்ல?"

அவ்வளவுதான் பேச்சு. டப்பாவை ஒதுக்கிவிட்டு, மரச்சட்டத்தின் பிளவில் புதுக்கொக்கி ஒன்றைச் செருகினார். "எத்தன இருந்தா வாங்குவாரு அண்ணே?"

"ஆறாச்சும் வேணும். அதுக்குக் கொறஞ்சா எடுத்துக்கிட்டு வந்துடாதேன்னுதான் அனுப்பிச்சாரு."

எண்ணெய் இல்லை, இந்தத் தடவை நூலுக்குத் தேன்மெழுகு மட்டும். ஒன்றுக்குப் பதினெட்டு நிமிஷம். கட்டியதைக் கிண்ணத்தில் விடுவார். மிதந்தால் உலர்த்தித் தாளில் குத்துவார். அப்துல் ஹக் கதவோரம் நின்றபடி மணி சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணு அஞ்சு, மச்சி." முதலில் அதில் ஒரு குஷி தெரிந்தது. நாலாவது பூச்சிக்கு உள்ளே வந்து குந்தினார். ஐந்தாவதுக்கு, காற்றில் பறக்கப் போன இறகைத் தாமாகவே உள்ளங்கையால் பொத்தினார். மணி சொல்வது நின்றுபோயிற்று.

வெளியே கொளஞ்சியப்பன் ஹாரன் அடித்தார். இரண்டுக்கு ஆறு நிமிஷம்.

ஆறாவது, கவுதாரி. முடிச்சுப் போட்டு, நூலைக் கத்தரித்து, கிண்ணத்தில் விட்டார். மூன்று பேரும் குனிந்தோம். பூச்சி மிதந்தது. மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது.

"மெதக்குது மச்சி!" என்று அப்துல் ஹக் கத்தினார். "மெதக்குது பாருங்க! குடுத்துருங்க!"

மறுபடி ஹாரன். கொளஞ்சியப்பன் இறங்கி வந்து வாசற்படியில் நின்று கையை நீட்டினார். "போதும்மா, அருமையா இருக்கு. கொண்டாங்க."

சலீமா பீவி இரண்டு விரலால் பூச்சியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடது பக்கத்து இழை நெல் முனையளவு அதிக நீளம். என் கண்ணுக்கு அவர் நகத்தால் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

அதைத் திரும்ப மரச்சட்டத்தில் செருகினார். நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிளேடை எடுத்து முடிச்சை அறுத்தார்.